நிழலிலிருந்து பொருள்

இந்து சமுத்திரத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் திருக்கோணமலைத் துறைமுகத்தைக் குறிப்பிடாது சென்றதில்லை. திருஞானசம்பந்தரின் பாடல் பெற்ற கோணேசர் மலை ஒருபுறம். மலைகளின் அணைப்பில் அமைதியாகக் கிடக்கும் நீர்ப்பரப்பு மறுபுறம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என மேலைநாட்டார் ஒருவர் பின் ஒருவராக இத்துறையை நாடி வந்தனர். 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே இது ஒல்லாந்தர் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்கும், அவர்களிடமிருந்து பிரெஞ்சுத் தளபதி சுப்ரன் கைக்கும் மாறிற்று. 1795இல் ஆங்கிலேயர் மீண்டும் கைப்பற்றினர். 1957இல் அவர்களுடைய கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. இத்தனை போட்டிக்கும் காரணம் கண்ணுக்குத் தெரிந்த அழகு அன்று. கண்ணுக்குத் தெரியாத ஆழமே.

அந்த ஆழத்தை மனிதர் எவ்வாறு அறிந்தனர்? பழங்காலத்து மாலுமி கயிற்றின் முனையில் ஈயக்குண்டைக் கட்டி நீரில் இறக்கினான். குண்டு நிலத்தைத் தொட்டதும் கயிற்றை இழுத்துப் பாகக் கணக்கில் அளந்து எழுதினான். ஓரிடத்தில் அளந்த அளவு ஓரிடத்தையே காட்டும். ஆயின் படகு நேர்கோட்டிற் சென்று அளந்து, திரும்பவும் வேறொரு கோட்டில் வந்து அளந்து, இவ்வாறு பல நூறு அளவுகள் சேர்ந்தபோது கடலடியின் மேடும் பள்ளமும் வரைபடத்தில் உருப்பெற்றன. எவரும் நேரிற் காணாத நிலத்தைப் பலரும் அளந்த அளவுகளின் கூட்டம் காட்டிற்று.

இருபதாம் நூற்றாண்டில் ஈயக்குண்டின் வேலையை ஒலி ஏற்றுக்கொண்டது. கப்பலிலிருந்து அனுப்பிய ஒலி, கடலடியிலோ நீர்மூழ்கிக் கப்பலின் மேலோ பட்டுத் திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு தூரம் கணிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் கப்பல்கள் பலவும் இக்கருவியைத் தாங்கியே கடலில் உலவின. போர் முடிந்தபின் அதே கருத்து வைத்தியசாலைக்குள் நுழைந்தது. உலோகங்களில் உள்ள வெடிப்பை ஒலியினாற் கண்டறியும் தொழிற்சாலைக் கருவியை எடுத்து, கிளாஸ்கோ நகர மகப்பேற்று வைத்தியர் இயன் டொனால்ட் தம் துணைவர்களுடன் நோயாளரின் வயிற்றை ஆராய்ந்தார். அவர்களின் கட்டுரை 1958இல் ‘லான்செட்’ என்னும் வைத்திய இதழில் வெளிவந்தது. இன்று கருவிலிருக்கும் குழந்தையைத் திரையிற் காட்டும் முறைக்கு அதுவே தொடக்கம். கடலின் ஆழம் காணும் வினாவும் உடலின் ஆழம் காணும் வினாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது இதனாற் புலனாகும்.

அக்குடும்பத்தில் மற்றுமொரு வினா உண்டு. அதனை விடுவித்தவர்களுள் ஒருவர், தமிழ்க் குடும்பத்திற் பிறந்து, சென்னையிலும் பெங்களூரிலும் இருந்து உழைத்த அறிஞர் கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் இராமச்சந்திரன். அவர் எழுதிய சில பக்கங்கள் உலகின் வைத்தியசாலைகளில் எவ்வாறு பரவின, அப்பரவலுக்கு அளவுகோல் யாது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

1895ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஜேர்மனியப் பேராசிரியர் றொண்ட்கன் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்தார். உடலைக் கிழிக்காது எலும்பைக் காணும் வழி பிறந்தது. ஆயினும் எக்ஸ்-கதிர்ப் படம் என்பது ஒரு நிழலே. விளக்கின் முன் கையை நீட்டினால் சுவரில் விழும் நிழலில் முன்விரலும் பின்விரலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கலந்துவிடுவது போல, எக்ஸ்-கதிர்ப் படத்திலும் முன்னுள்ள உறுப்பும் பின்னுள்ள உறுப்பும் ஒரே தளத்திற் கலந்துவிடுகின்றன. கதிர் தான் கடந்துவந்த பாதை முழுவதும் எவ்வளவு தடையுண்டது என்னும் கூட்டுத்தொகையை மட்டுமே தெரிவிக்கும். அத்தொகை எந்த இடத்தில் எவ்வளவாகச் சேர்ந்தது என்பதைச் சொல்லாது.

இக்குறையின் கொடுமை மூளை நோய்களில் மிகுதியாகத் தெரிந்தது. மண்டையோட்டின் நிழல் அடர்ந்து விழ, அதனுள்ளிருக்கும் மென்மையான மூளை படத்திற் புலப்படுவதில்லை. எனவே 1919ஆம் ஆண்டளவில் அமெரிக்க வைத்தியர் வால்ட்டர் டான்டி, நோயாளியின் முதுகந்தண்டின் வழியே நீரை எடுத்து அதற்கு ஈடாகக் காற்றைச் செலுத்திப் படம்பிடிக்கும் முறையை வகுத்தார். காற்று மூளையின் அறைகளை நிரப்ப, அவற்றின் வடிவம் நிழலில் தெரிந்தது. அந்த வடிவம் நசுங்கியிருந்தால் அருகிற் கட்டி உண்டு என்று ஊகித்தனர். நோயாளிகள் பட்ட தலைவலியும் வாந்தியும் பெருந்துன்பம். 1927இல் போர்த்துக்கல் நாட்டு வைத்தியர் எகாஸ் மொனிஸ் இரத்தக் குழாய்களில் மருந்தைச் செலுத்திப் படம்பிடித்தார். இவ்விரண்டுமே அரை நூற்றாண்டுக் காலம் மூளை வைத்தியரின் கண்களாக இருந்தன. மரத்திலிருந்து விழுந்தவனுக்கும் கப்பற்றளத்தில் அடிபட்டவனுக்கும் மண்டைக்குள் இரத்தம் கட்டியுள்ளதா என்பதை நேரே பார்த்தறிய வழியில்லை.

நிழல் ஒன்று போதாது எனின், பல நிழல்களை எடுத்தால் என்ன? இங்கேதான் கணிதம் உள்ளே வருகிறது. நான்கு கூடைகளில் தேங்காய்கள் உள்ளன என்று கொள்வோம். கூடைகள் இரண்டு வரிசையாக, வரிசைக்கு இரண்டாக வைக்கப்பட்டுள்ளன. கூடைக்குள் பார்க்க அனுமதியில்லை. கூட்டுத்தொகை மட்டும் சொல்லப்படும். மேல்வரிசையில் 12, கீழ்வரிசையில் 8, இடப்பக்கத்தில் 11, வலப்பக்கத்தில் 9. இவ்வளவில் விடை ஒன்றாக அமையாது. மேலே 5, 7, கீழே 6, 2 என்றும் இருக்கலாம்; மேலே 6, 6, கீழே 5, 3 என்றும் இருக்கலாம். ஆனால் மூலைவாட்டில், மேல் இடக்கூடையிலும் கீழ் வலக்கூடையிலும் சேர்ந்து 7 உள்ளது என்ற ஒரு தொகை கூடுதலாகக் கிடைத்ததும் முதல் விடையே சரியென்று உறுதியாகிறது. கோணம் ஒன்று கூடியதும் மறைவு ஒன்று விலகியது. மனிதத் தலையின் ஒரு குறுக்கு வெட்டை ஆயிரக்கணக்கான சிறு கூடைகளாகப் பிரித்து எண்ணிப் பார்ப்பின் வினாவின் முழு உருவமும் தெரியவரும்.

இவ்வினாவிற்கான தூய கணித விடையை 1917ஆம் ஆண்டிலேயே யொகான் றாடன் என்னும் ஆஸ்திரியக் கணித அறிஞர் வெளியிட்டிருந்தார். எல்லாத் திசைகளிலும் எடுத்த கூட்டுத்தொகைகள் தெரிந்தால் பொருளை மீட்கலாம் என்று அவர் நிறுவினார். லைப்சிக் நகரில் வெளிவந்த அக்கட்டுரையை வைத்தியத்துறையில் எவரும் அறிந்திலர். ஓர் உண்மை அச்சேறியும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வேண்டியவர் கண்ணிற் படாமலே கிடந்தது.

1956இல் தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகர வைத்தியசாலையொன்றிற் பணிபுரிந்த பௌதிக அறிஞர் அலன் கோமக் இதே வினாவை எதிர்கொண்டார். றாடனின் விடையை அறியாத அவர் தாமே விடை கண்டு, 1963இலும் 1964இலும் இரு கட்டுரைகளை வெளியிட்டார். உலகம் வாளாவிருந்தது. கட்டுரையின் பிரதி கேட்டு வந்த கடிதங்கள் மிகச் சில. அவற்றுள் விசித்திரமானது சுவிற்சலாந்திலுள்ள பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்ததாகப் பின்னாளில் அவரே நினைவுகூர்ந்தார். மலைமேற் படிந்த பனியை ஆராய இம்முறை உதவுமோ என்று அவர்கள் எண்ணினர் போலும். வைத்திய உலகிலிருந்து வரவேண்டிய குரல் வரவில்லை.

இராமச்சந்திரன் இவ்வினாவை அடைந்த வழி வேறு. அவர் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆந் திகதி எர்ணாகுளத்திற் பிறந்தார். தந்தையார் கணிதப் பேராசிரியர். பெயரின் முன்னிற்கும் கோபாலசமுத்திரம் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஊர். திருச்சிராப்பள்ளி புனித சூசையப்பர் கல்லூரியிற் பௌதிகம் கற்று, 1942இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின் பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அங்கே சேர் சி. வி. இராமனின் ஈர்ப்பில் பௌதிகத்துக்கே திரும்பினார். எக்ஸ்-கதிரைக் கொண்டு வைரக்கற்களின் உட்குறைகளைப் படம்பிடித்து 1944இல் கட்டுரை எழுதினார். உள்ளே பார்க்க இயலாத பொருளின் உள்ளமைப்பை வெளியே நின்று அறிவது என்னும் வேட்கை இருபத்திரண்டாவது வயதிலேயே அவரிடம் தோன்றிவிட்டது. பின்னர் கேம்பிரிட்ஜ் சென்று கலாநிதிப் பட்டம் பெற்று 1949இல் தாயகம் மீண்டார்.

1952இல் சென்னைப் பல்கலைக்கழகம் பௌதிகத் துறையை நிறுவியபோது துணைவேந்தராக இருந்தவர் புகழ்பெற்ற மகப்பேற்று வைத்தியர் ஏ. இலட்சுமணசுவாமி முதலியார். முப்பது வயதும் நிரம்பாத இராமச்சந்திரன் அத்துறையின் தலைவராக அமர்ந்தார். அவ்வாண்டிற் சென்னைக்கு வந்த ஆங்கிலேய அறிஞர் பேர்னால், தோலிலும் எலும்பிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளியப்படவில்லை என்று எடுத்துரைத்தார். கங்காருவின் வாலிலிருந்து பெற்ற நாரை எக்ஸ்-கதிரால் ஆராய்ந்து, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954இல் ‘நேச்சர்’ இதழில் மூன்று இழை கொண்ட முறுக்கமைப்பை இராமச்சந்திரன் வெளியிட்டார். அடுத்த ஆண்டிலேயே அதனைத் திருத்தி மேம்படுத்தினார்.

அவ்வமைப்பிற் சில அணுக்கள் மிக நெருங்கி நிற்கின்றன என்று கிறிக்கும் றிச்சும் மறுத்துரைத்தனர். மறுப்பைக் கேட்டு அவர் மனம் சோர்ந்தாரல்லர். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதை அறிந்த படிகங்கள் அனைத்திலிருந்தும் திரட்டினார். இராமகிருஷ்ணன், சசிசேகரன் என்போருடன் 1963இல் ஐந்து பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். புரதச் சங்கிலி எவ்வாறு மடியலாம், எவ்வாறு மடிய முடியாது என்பதை ஒரே சதுரப் படத்திற் காட்டிய அக்கட்டுரையே ‘இராமச்சந்திரன் வரைபடம்’ என்னும் பெயருக்கு மூலம். புதிதாகத் துலக்கப்படும் புரத அமைப்புகளை இன்றும் அப்படத்தில் இட்டே சரிபிழை பார்க்கின்றனர்.

1970இல் அவர் சென்னையை விட்டு நீங்கிப் பெங்களூரில் மூலக்கூற்று உயிர்ப்பௌதிகப் பிரிவை அமைக்கும் பணியில் ஈடுபட்டார். அக்காலத்தில் எலெக்ரன் நுணுக்குக்காட்டியிற் கிடைக்கும் தட்டையான படங்கள் பலவற்றைச் சேர்த்து நுண்பொருளின் முழுவடிவத்தையும் பெறும் முயற்சி தோன்றியிருந்தது. 1968இல் டிறோசியரும் குளூக்கும் ஃபூரியர் கணிப்பு முறையால் அதனைச் செய்து காட்டினர். ஃபூரியர் முறை சரியானது. ஆயினும் அன்றைய கணனிகளுக்கு அது பெருஞ்சுமை. ஒவ்வொரு நிழலையும் அலைகளாகப் பிரித்து, அவற்றைத் தளத்தில் அடுக்கி, இடைவெளிகளை ஊகித்து நிரப்பி, மீண்டும் படமாக மாற்றவேண்டும். இச்சுற்றுவழி இன்றியே நிழலிலிருந்து நேராகப் பொருளுக்குச் செல்லலாகாதா என்று இராமச்சந்திரன் ஆராய்ந்தார். 1971இல் இந்திய விஞ்ஞான அக்கடமியின் இதழில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே ‘நிழலிலிருந்து பொருளை மீட்டமைத்தல்’ என்று பொருள்படுவது. அவ்வாண்டு செப்டெம்பரில், ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து அமெரிக்கத் தேசிய விஞ்ஞான அக்கடமியின் இதழில் மற்றொரு கட்டுரையை வெளியிட்டார். அதுவும் ஐந்தே பக்கங்கள்.

அதன் உட்பொருள் கடினமன்று. நிழல்களைக் கொண்டு பொருளை மீட்க எவருக்கும் முதலில் தோன்றும் வழி, ஒவ்வொரு நிழலையும் வந்த திசையிலேயே திரும்பப் பூசுவது. பல திசைகளிலிருந்து பூசிய பூச்சுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுமிடத்தில் பொருளின் உருவம் திரளும். ஆனால் அந்த உருவம் பனிமூட்டத்திற் பார்த்தது போல மங்கியிருக்கும். ஒரு புள்ளியைப் பூசும்போது அதன் சாயல் நாற்புறமும் பரவி அயலையும் கறைப்படுத்துவதே காரணம்.

வானொலி கேட்போருக்கு இதனை வேறொரு வகையிலும் விளக்கலாம். வானொலிப் பெட்டியில் உயர்ந்த சுரங்களைக் குறைத்து ஆழ்ந்த சுரங்களை மிகுத்தால் பாட்டின் சொற்கள் மழுங்கிப்போகும். மங்கிய படமும் அவ்வாறே உயர்சுரம் குன்றிய படம். எனவே பூசுவதற்கு முன்னரே ஒவ்வொரு நிழலிலும் உயர்சுரத்தை அதன் உயர்வுக்கு ஏற்பப் பெருக்கிவிட்டால் மங்கல் நீங்கும்.

அப்பெருக்கலுக்கு ஃபூரியர் சுற்றுவழி வேண்டுவதில்லை என்பதே அவர்கள் காட்டிய நுட்பம். நிழலில் வரிசையாக உள்ள அளவுகளுள் ஒவ்வொன்றையும் எடுத்து அதன் காற்பங்கை வைத்துக்கொள்ள வேண்டும். இருபுறமும் உள்ள முதல் அயலளவிலிருந்து ஏறத்தாழப் பத்திலொரு பங்கை, சரியாகச் சொன்னால் 0.1013 பங்கைக் கழிக்கவேண்டும். இரண்டாம் அயலைத் தொடவேண்டுவதில்லை. மூன்றாம் அயலிலிருந்து 0.0113 பங்கைக் கழிக்கவேண்டும். நான்காவதைத் தொடவேண்டுவதில்லை. இவ்வாறு ஒற்றைப்படையில் நிற்கும் அயல்களை மட்டும், தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைந்து செல்லும் பங்குகளாற் கழித்துக்கொண்டே போகவேண்டும். கூட்டிய காற்பங்கும் கழித்த பங்குகள் அனைத்தும் சேர்ந்து இறுதியில் சுழியமாகும். நிழல் எங்கும் ஒரே சீராக இருந்தால் ஒன்றும் மிஞ்சாது. நிழல் மாறும் விளிம்புகளே எழுந்து நிற்கும். அவ்வாறு தீட்டிய நிழல்களைத் திரும்பப் பூசினால், ஒவ்வொரு புள்ளியின் சாயலையும் கழித்தல் எண்கள் துடைத்துவிட, பொருள் தெளிவாகத் தோன்றும். வேண்டியது பெருக்கலும் கூட்டலும் மட்டுமே. எல்லா நிழல்களும் வந்துசேரும்வரை காத்திருக்க வேண்டுவதுமில்லை. ஒரு நிழல் வந்தவுடனே அதனைத் தீட்டிப் பூசிவிடலாம்.

கட்டுரை வெளிவந்து சில வாரங்களில், 1971 அக்டோபர் 1ஆந் திகதி, இலண்டன் அற்கின்சன் மோர்லி வைத்தியசாலையில் மூளைக் கட்டி இருப்பதாக ஐயுற்ற ஒரு பெண்மணியின் தலை புதியதொரு கருவியாற் படம்பிடிக்கப்பட்டது. கருவியை அமைத்தவர் பொறியியலாளர் கொட்பிறே ஹவுன்ஸ்பீல்ட். அவர் பணியாற்றிய நிறுவனம் ஈ.எம்.ஐ.; இசைத்தட்டில் நாய் செவிசாய்த்து அமர்ந்திருக்கும் சின்னத்தால் உலகறிந்த நிறுவனம் அது. கருவி தலையைச் சுற்றிப் பாகை பாகையாக 180 கோணங்களில் திரும்பிற்று. கோணம் ஒன்றுக்கு 160 அளவுகளாக மொத்தம் 28,800 அளவுகளை எடுத்தது. கட்டி படத்தில் தெளிவாகத் தெரிந்தது. சத்திரசிகிச்சை அதனை உறுதிசெய்தது.

முதற் கருவியில் ஹவுன்ஸ்பீல்ட் கையாண்ட கணிப்புமுறை இராமச்சந்திரனுடையதன்று. கூடைக் கணக்கைப் போல ஊகித்துத் திருத்தி, மீண்டும் ஊகித்துத் திருத்தும் முறையே அது. கருவிகள் பெருகி, வேகம் கூடி, ஒரு நோயாளிக்குப் பல படங்கள் வேண்டப்பட்டபோது அம்முறை பின்தங்கிற்று. நிழலைத் தீட்டித் திரும்பப் பூசும் முறை அதன் இடத்தைப் பிடித்தது. 1974இல் செப், லோகன் என்னும் இருவர் அம்முறையிற் சிறு மாற்றம் செய்தனர். உயர்சுரத்தை அளவிறந்து கூட்டினால் வானொலியில் இரைச்சலும் கூடுவது போலப் படத்திலும் புள்ளியிரைச்சல் கூடும். உச்சியில் அதனைச் சற்றே தணித்ததே அவர்களின் திருத்தம். பல பத்தாண்டுகள் உலகின் ஊடுகதிர்க் கருவிகள் இக்குடும்பத்து முறைகளாலேயே இயங்கின. பின்னர் கணனிகள் வலுப்பெற்றபோது பழைய ஊகித்துத் திருத்தும் முறையே புதுக்கோலம் பூண்டு திரும்பியுள்ளது. எனினும் மாணவன் முதலிற் கற்பது இன்றும் அந்தக் காற்பங்குக் கணக்கையே.

இவ்விடத்தில் நடுநிலை வேண்டும். நிழலை முன்னரே தீட்டிப் பூசும் கருத்தை முதன்முதல் வெளியிட்டவர் இராமச்சந்திரன் அல்லர். வானொலி அலைகளைக் கொண்டு விண்மீன்களை ஆராய்ந்த பிறேஸ்வெல் என்னும் அறிஞர், றிடில் என்பவருடன் சேர்ந்து 1967இல் ஒரு வானியல் இதழில் அதனை எழுதியிருந்தார். வைத்தியத்துக்கும் உயிரியலுக்கும் உரிய வினாவாகக் கொண்டு, எளிய எண்களாக வகுத்து, கணனிக்கு ஏற்ற வடிவில் தந்ததே இராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் செய்த தொண்டு. 1979இல் வைத்தியத்துக்கான நோபல் பரிசு கோமக்குக்கும் ஹவுன்ஸ்பீல்டுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. கணிதத்தைத் தனியே கண்டவர் ஒருவர். கருவியை அமைத்தவர் மற்றவர். 1977இல் இலண்டன் றோயல் சங்கத்தின் உறுப்பினராகவும், 1999இல் படிகவியலாரின் ஈவால்ட் பரிசுக்கு உரியவராகவும் இராமச்சந்திரன் சிறப்பிக்கப்பட்டார். நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. 2001 ஏப்ரல் 7ஆந் திகதி சென்னையிற் காலமானார்.

பரிசு ஓர் அளவுகோல். அறிவுலகம் கைக்கொண்ட மற்றோர் அளவுகோல் மேற்கோட் கணக்கு. ஒரு கட்டுரையை எழுதுவோர் தமக்கு உதவிய முன்னைய கட்டுரைகளை இறுதியிற் குறிப்பது மரபு. அக்குறிப்புகளைத் திரட்டி, எந்தக் கட்டுரையை யார் யார் எடுத்தாண்டனர் என்று காட்டும் பேரட்டவணையை அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் யூஜின் கார்பீல்ட் 1964இல் தொடங்கினார். நூல்களைத் தேடுவதற்கு வழிகாட்டியாகப் பிறந்த அட்டவணை நாளடைவில் அறிஞரை நிறுக்கும் தராசாக மாறிற்று. பதவியும் பணமும் அதன் முள்ளைப் பார்த்தே வழங்கப்படும் நிலை பல நாடுகளில் ஏற்பட்டது.

இத்தராசு எதனை நிறுக்கும், எதனை நிறுக்காது என்பதற்கு மேற்கூறிய வரலாறே சான்று. றாடனின் கட்டுரை அரை நூற்றாண்டு வைத்தியத்தில் எடுத்தாளப்படவில்லை. அதனால் அதன் உண்மை குறைந்துவிடவில்லை. கோமக்கின் கட்டுரைகளை அவை வெளிவந்த ஆண்டுகளில் இத்தராசில் இட்டிருந்தால் முள் அசைந்திராது. இராமச்சந்திரனின் நிலை இதற்கு நேர்மாறானது. அவருடைய முறை எங்கும் பரவியபோது மூலக்கட்டுரையைக் குறிப்பது குறைந்து, பெயர் மட்டும் நின்றது. ‘றாம்-லாக்’ என்று இரு ஆசிரியர்களின் பெயரையும் சுருக்கி அம்முறையை அழைக்கின்றனர். மாட்லாப் என்னும் கணிப்பு மென்பொருளில் நிழலிலிருந்து படத்தை மீட்கும் ஆணையை இட்டு, வேறெதுவும் குறிப்பிடாவிட்டால், அது தானாக எடுத்துக்கொள்வது ‘றாம்-லாக்’ முறையையே. விசையை அழுத்தும் மாணவன் அது இருவரின் பெயர் என்பதை அறியாமலே பட்டம் பெற்றுவிடலாம். ஒரு கருத்து யாவருக்கும் பொதுவாகும் அளவுக்கு அதன் மூலம் மறந்துபோகும் இயல்பை அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் றொபேட் மேர்ட்டன் விளக்கியுள்ளார். உப்பு நீரிற் கரைந்தால் கண்ணுக்குத் தெரியாது, சுவையிலே தெரியும். அவ்வகை மறைவை மேற்கோட் கணக்கால் எண்ண இயலாது.

ஆகவே எண்ணிக்கை பயனற்றது என்று முடிவுகட்டுதலும் தவறு. மேற்கோள் என்பது நன்றிக்கடன். எடுத்தாண்டவன் கொடுத்தவனின் பெயரைச் சொல்லுதல் அறம். அட்டவணை அந்த அறத்துக்குச் சாட்சியாக நிற்கும்வரை நன்று. எண்ணே குறிக்கோளாகி, எண்ணுக்காகவே எழுதும் நிலை வரின் அறிவு தேயும். சென்னையிலும் பெங்களூரிலும் இராமச்சந்திரன் எழுதிய கட்டுரைகளிற் பெரும்புகழ் பெற்றவை சில பக்க அளவினவே. அவற்றை எழுதுமுன் அவர் செய்தது வினாவைத் தெரிந்தெடுத்தது. மறுப்பு வந்தபோது அளவுகளைத் திரட்டி விடைகூறியது. பிற துறையில் நின்றோரின் தேவையைத் தம் தேவையாகக் கொண்டது.

திருக்கோணமலைத் துறைமுகத்தின் கடல் வரைபடத்தை விரித்துப் பார்ப்பின் நீலப்பரப்பெங்கும் சிறு எண்கள் இறைந்து கிடப்பதைக் காணலாம். ஒவ்வோர் எண்ணும் என்றோ ஒருநாள் வெயிலில் படகின் விளிம்பில் நின்று ஒருவன் கயிறு இறக்கிப் பெற்றது. அல்லது கருவியின் முன்னமர்ந்து ஒருவன் கேட்டுக் குறித்தது. அவர்களுள் எவருடைய பெயரும் அவ்வெண்ணின் அருகில் இல்லை. இரவில் பெருங்கப்பலைக் கொட்டியாரக்குடாவின் வழியே உள்ளே கொணரும் வழிகாட்டி அவர்களை நினைப்பதுமில்லை. ஆனால் அவன் ஒவ்வொரு பாகத்தையும் நம்பியே சுக்கானைத் திருப்புகிறான். கப்பல் பாறையில் மோதாது கரைசேர்வதே அளந்தவர்க்குக் கிடைக்கும் மேற்கோள். வைத்தியசாலையில் நள்ளிரவில் கொண்டுவரப்பட்ட நோயாளியின் மண்டைக்குள் இரத்தம் கட்டிய இடத்தைத் திரையிற் கண்டு, சத்திரசிகிச்சை வைத்தியர் சரியான இடத்தில் கத்தியை வைக்கும்போதும் அத்தகைய மேற்கோள் ஒன்று மௌனமாக எழுதப்படுகிறது. எந்த அட்டவணையிலும் அது ஏறுவதில்லை. பிழைத்தெழுந்தவன் வீடு திரும்புகிறான். அவன் வீட்டார்க்கு அதுவே போதுமானது.